பல்லவிக்குள் ஒடுக்கப்பட்ட குரல்

ஹிப்ஹொப் கலைஞன் ஒருவன் காதற்பாட்டு எழுதும்போது இருவேறு தரப்பாரின் கண்டனத்துக்கு ஆளாகின்றான். அக்கலையை உள்ளிருந்து நேசிப்போர், தெருவின் சீற்றத்தைக் கைவிட்டு வானொலியின் தயவை நாடிவிட்டான் என்கின்றனர். வெளியிலிருந்து நோக்கும் கனவான்களோ, பெண்ணை இழித்துரைத்துப் பழகிய நாவிலே காதல் எங்ஙனம் பிறக்கும் என வினவுகின்றனர். முதலாமவர்க்குக் காதல் ஒரு பலவீனம். இரண்டாமவர்க்கு அது நாகரிகத்தின் நற்சான்றுப் பத்திரம். ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினும், இரு சாராரும் பாட்டினை மென்மை என்ற ஒரே கோலால் அளப்பவர்களே. அப்பாட்டிலே பேசுபவர் யார், பேச வாய்ப்பற்றவர் யார் என்ற வினா இவர்களது விவாதத்தில் இடம்பெறுவதில்லை. அவ்வினாவைக் கேளாது விட்டதனாலேயே, நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஹிப்ஹொப் காதற்பாட்டின் வரலாறு ஆணொருவன் படிப்படியாக மனமிளகிய கதையாக எழுதப்பட்டு வருகின்றது.

இப்பாட்டு ஆக்கப்படும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும். 1973 ஆகஸ்ட் 11 ஆம் திகதி நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியிலே கூல் ஹேர்க் நடத்திய விருந்து ஹிப்ஹொப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. இசைத்தட்டின் தாளப்பகுதியை மீளமீளச் சுழலவிட்டு அதன்மீது ஒலிவாங்கியிற் பேசுதலே அன்றைய கலை. இன்றும் அடிப்படை அதுவே. தாளமும் இசைத்துணுக்கும் பெரும்பாலும் முன்னரே அமைந்துவிடுகின்றன. அதனைக் கேட்டவாறே கலைஞன் சொல்லைக் கோக்கின்றான். நான்கு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தனங்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சரணம். சரணங்களிடையே எட்டு ஆவர்த்தன அளவிலே பல்லவி வரும். சரணம் பேசப்படுவது, பல்லவி பெரும்பாலும் பாடப்படுவது. கதை, வாதம், நினைவு, சூளுரை, எள்ளல் யாவும் சரணத்துக்குரியவை. பல்லவி மாறாது, சொன்னதையே திரும்பச் சொல்லும். காதற்பாட்டிலே சரணத்தை ஆணும் பல்லவியைப் பெண்ணும் பெறுவது 1990 களில் ஏறத்தாழ வழக்காகவே நிலைபெற்றது. மூன்று சரணங்களிலே நாற்பத்தெட்டு ஆவர்த்தனங்கள் புதிது புதிதாகப் பேசும் உரிமை ஒருவருக்கு. சொன்ன எட்டையே மூன்று முறை சொல்லும் கடமை மற்றவருக்கு. இது வெறும் இசையமைப்பு நுணுக்கமன்று, ஒரு தொழிற்பிரிவினை.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க ஒரு சொல்லே போதும். அகப்பாட்டினை ஆராய்வோர் திணை துறைகளோடு கூற்றினையும் நோக்குவர். தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று எனப் பேச்சுரிமை அங்கு பகிரப்பட்டுள்ளது. (தலைவி கூற்றிலும் பெரும்பகுதியை ஆண்புலவரே யாத்தனர் என்பது வேறோர் ஆய்வுக்குரியது.) கூற்று என்னும் இக்கருவி கொண்டு ஹிப்ஹொப் காதற்பாட்டை நோக்குமிடத்துத் தென்படுவது மிக எளிய உண்மை: தலைவன் கூற்று மட்டுமே உண்டு.

எல். எல். கூல் ஜே 1987 இல் வெளியிட்ட 'ஐ நீட் லவ்' இவ்வகைப் பாட்டுக்களின் மூலத்தாய் எனப் போற்றப்படுகின்றது. அதற்கு முன்னரும் காதல் பற்றிய றப் இருந்ததுண்டு. ஸ்பூனி ஜீயின் 'லவ் றப்' 1980 இலேயே வெளிவந்தது. ஆயினும் மெதுவான தாளத்தின் மேல், தாழ்ந்த குரலிலே, தனிமையை ஒப்புக்கொண்டு பேசும் முறையை எங்கும் பரவச் செய்தது 1987 ஆம் ஆண்டுப் பாட்டே. அமெரிக்காவின் கறுப்பின இசைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் தற்பெருமைப் பேச்சை நிறுத்தித் தன் வெறுமையைச் சொல்லத் துணிந்தான் என்பது மெய்யே. அத்துணிவைச் சிறுமைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அப்பாட்டிலே காதலி எங்கே? அவள் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கப்போகும் ஒருத்தியை எண்ணியே அவன் ஏங்குகின்றான். இல்லாத ஒருத்தி மறுத்துப் பேசமாட்டாள். எட்டு ஆண்டு கழித்து அவரே வெளியிட்ட 'ஹே லவர்' பாட்டில் காதலி இருக்கின்றாள்; ஆனால் அவள் இன்னொருவனுடையவள், இவன் தூரத்தே நின்று பார்த்துப் பேசுகின்றான். அங்கும் அவள் வாய் திறக்கவில்லை. அப்பாட்டுக்குக் கிறமி விருது கிடைத்தது.

அக்காலத்தில் றப் பேசவல்ல பெண்கள் இருந்திலர், ஆகவே குறை காலத்தினது என்று சமாதானம் கூறுவாருமுளர். வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 1984 இல் யூ.ரி.எவ்.ஓ. என்ற குழுவினர் 'றொக்ஸான், றொக்ஸான்' என்ற பாட்டை வெளியிட்டனர். தங்களைத் திரும்பிப் பாராத பெண்ணொருத்தியை நோக்கி ஆடவர் மூவர் முறைவைத்துப் பேசுவது அதன் பொருள். குயீன்ஸ்பிரிட்ஜ் தொடர்மாடிக் குடியிருப்பைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, றொக்ஸான் ஷான்டே என்ற பெயரைப் பூண்டு, மார்லி மார்ல் என்பாரின் ஒலிப்பதிவிலே அம்மூவரையும் தனித்தனியே எடுத்துச் சாடி மறுமொழி சொன்னாள். அதனைத் தொடர்ந்து பதில்களும் பதிலுக்குப் பதில்களுமாக இசைத்தட்டுக்கள் குவிந்தன. யூ.ரி.எவ்.ஓ. தரப்பினர் செய்தது யாது? தங்கள் சார்பில் வேறொரு பெண்ணை 'மெய்யான றொக்ஸான்' எனப் பெயரிட்டுக் களமிறக்கினர். மறுமொழி சொல்லும் உரிமையைப் பறிக்க இயலாதபோது, மறுமொழி சொல்பவளைத் தாமே நியமித்துக்கொள்ளும் முயற்சி இது. 1988 இல் எம்.ஸி. லைட் 'பேப்பர் தின்' பாட்டிலே ஆணின் காதல்மொழிகள் காகிதமளவு கனமற்றவை என்று முகத்துக்கு நேரே கூறினார். குரல்கள் இருந்தன. காதற்பாட்டு என்ற பெயரை ஆணின் பாட்டுக்கு வழங்கிய சந்தை, பெண்ணின் மறுமொழியைச் சண்டைப்பாட்டு என்ற வேறோர் இறாக்கையில் வைத்தது. அவ்வளவே.

1995 ஆம் ஆண்டு இங்கு தனித்து நோக்கத்தக்கது. வூ-டாங் குழுவைச் சேர்ந்த மெதட் மான் அதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட தொகுப்பிலே, வறுமையில் உடனிருந்த துணைவிக்கு நன்றி கூறும் கரடுமுரடான பாட்டொன்று இருந்தது. அது மேரி ஜே. பிளைஜின் பல்லவியோடு புதுக்கப்பட்டு வெளிவந்தபோது அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறிற்று. அடுத்த ஆண்டிற் கிறமி விருதும் பெற்றது. ஹிப்ஹொப் காதற்பாட்டின் சிகரம் எனப் பலரும் காட்டுவது இதனையே. பிளைஜ் பாடிய பல்லவி 1968 இல் மார்வின் கேயும் டமி டெறலும் இணைந்து பாடிய பாட்டிலிருந்து பெறப்பட்டது. அம்மூலப் பாட்டை நிக்கலஸ் அஷ்போட், வலரி சிம்ப்சன் என்ற ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுதினர். அதிலே ஆண் ஓரடி பாடப் பெண் ஓரடி பாடி, இருவரும் ஒருவர்க்கொருவர் வாக்குக் கொடுக்கின்றனர். இருபத்தேழு ஆண்டுகளின் பின் அப்பாட்டு ஹிப்ஹொப்பினுள் நுழைந்தபோது, வாக்குக் கொடுப்பதன் காரணங்களைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் ஆணிடம் சென்றது. பெண்ணுக்கு எஞ்சியது ஆமோதித்தல். பிளைஜின் குரல் அப்பாட்டைத் தூக்கி நிறுத்துகின்றது என்பதை எவரும் மறுக்கமாட்டார். தூக்கி நிறுத்தும் தூணுக்குப் பேச்சில்லை என்பதே குற்றச்சாட்டு. பழைய பாட்டிலிருந்து இன்னிசை எடுக்கப்பட்டது. அதன் சமத்துவம் விடப்பட்டது. இதனை முன்னேற்றம் என்று பாராட்டுவோர் 1968 ஆம் ஆண்டுத் தட்டை ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

சிக்காகோவைச் சேர்ந்த கொமன் மீது இத்தகைய கண்டனம் எளிதிற் செல்லாது எனலாம். 2000 ஆம் ஆண்டு வெளியான 'த லைட்' கற்றறிந்தோர் விரும்பும் பாட்டு. கடித நடையில் அமைந்தது. காதலியை இழிசொல்லாலன்றி, மலிந்துபோன செல்லப் பெயராலும் அழைக்கமாட்டேன் என்று அவர் அதிலே உறுதி கூறுகின்றார். சொல்லைத் தேர்வதில் இத்தனை நாணயம் காட்டிய பாட்டு அக்காலத்தில் அரிது. ஆனால் அதன் பல்லவி யாருடையது? ஜே டில்லா அமைத்த அவ்விசையிலே ஒலிப்பது பொபி கோல்ட்வெல் 1980 இல் பாடிய பாட்டின் துணுக்கு, அதுவும் ஆண்குரல். பெண் பெற்றிருந்த எட்டு ஆவர்த்தனங்களும் இங்கு இல்லை. எழுதப்பட்ட கடிதம் இருக்கின்றது, பெறுபவள் இருக்கின்றாள், பதிற் கடிதம் இல்லை.

இதே கொமன் 1994 இல் ஹிப்ஹொப் கலையையே ஒரு பெண்ணாக உருவகித்து, அவள் கெட்டழிந்த கதையை ஒரு பழைய காதலனின் வாயாற் கூறினார். உருவகமாயினும் பெண்ணின் வீழ்ச்சியை ஆண் விவரிப்பதே அதன் அமைப்பு. எட்டாண்டு கழித்து, 'பிறவுண் சுகர்' என்ற திரைப்படத்துக்காக எரிக்கா படூ எழுதிப் பாடிய பாட்டிலே உருவகம் தலைகீழானது. அங்கே ஹிப்ஹொப் ஆண். அவனை நினைவுகூர்பவள் பெண். அப்பாட்டிற் கொமனும் பங்குகொண்டு ஒரு சரணம் பேசுகின்றார். ஆனால் வீடு அவளுடையது, விருந்தாளி அவர். ஹிப்ஹொப்பிலே காதலைப் பற்றி நடந்த மெய்யான உரையாடல் என்று சொல்லத்தக்கவற்றுள் இது முதன்மையானது. 'த லைட்' பாட்டைப் போற்றுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பேசாதது வியப்புக்குரியது.

மென்மையே அளவுகோலாயின் 2008 இன் பின்னர் வந்தவை பொற்காலத்துப் பாட்டுக்கள் எனல்வேண்டும். கன்யே வெஸ்ட் தாயை இழந்து, நிச்சயித்த உறவையும் இழந்த நிலையில் ஆக்கிய '808ஸ் அன்ட் ஹார்ட்பிறேக்' தொகுப்பிலே பேச்சைப் பெரும்பாலும் துறந்து, சுருதி திருத்தும் கருவியின் துணையோடு தாமே பாடினார். அவருக்குப் பின்வந்த ட்றேக் பேச்சையும் பாட்டையும் ஒரே மூச்சில் மாற்றிமாற்றிக் கையாண்டார். ஆண் அழக் கற்றுக்கொண்டான் என விமர்சகர்கள் மகிழ்ந்தனர். அழக் கற்றவன் பாடவும் கற்றதனால் பல்லவியும் அவனதாயிற்று என்பதை அம்மகிழ்ச்சியில் அவர்கள் கவனிக்கவில்லை. முன்பு வாசற்படியில் நிறுத்தப்பட்டிருந்தவள் இப்போது தெருவுக்கே அனுப்பப்பட்டாள். 2011 இல் வெளியான ட்றேக்கின் 'மார்வின்ஸ் றூம்' நள்ளிரவிற் பழைய காதலிக்குத் தொலைபேசி எடுப்பவனின் பாட்டு. அதிலே பெண்குரல் கேட்கின்றது, தொலைபேசியினூடாக, துண்டுதுண்டாக. அக்குரலுக்குரிய பெண் தாமும் அப்பாட்டின் ஆக்கத்திற் பங்காளியே என்று 2012 இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு பின்னர் இணக்கமாகத் தீர்க்கப்பட்டதாதலின் அதன் நியாய அநியாயம் இங்கு தீர்க்கப்படவேண்டியதன்று. ஆயினும் பாட்டினுள்ளே தொலைபேசியின் மறுமுனையில் மட்டும் வைக்கப்பட்டிருந்த ஒருவர், கேட்கப்படுவதற்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

காதற்பாட்டு உலகெங்கும் ஒருதலைப் பேச்சுத்தானே, ஹிப்ஹொப் கலைஞனிடம் மட்டும் மறுமொழி கேட்பது ஓரவஞ்சனை அல்லவா என்ற ஆட்சேபம் எழக்கூடும். இது பலமான ஆட்சேபமே. ஆயின் ஏட்டிலே எழுதும் கவிஞனின் காதலி மெய்யாகவே அங்கில்லை; அவளது மௌனம் கவிதை மரபு. ஒலிப்பதிவுக்கூடத்தில் நிலை வேறு. பெண் அங்கு இருக்கின்றாள். ஒலிவாங்கியின் முன் நிற்கின்றாள். அவளது குரலின்றிப் பாட்டு விலைபோகாது என்பது கம்பனிக்கும் தெரியும். அவளை வரவழைத்து, ஊதியமும் பேசி, எட்டு ஆவர்த்தனங்களோடு நிறுத்தி அனுப்புவதை மரபு என்று சொல்ல முடியாது. அது ஒரு தீர்மானம்.

அத்தீர்மானத்தின் முழு உருவத்தையும் ஒரே பாட்டிலே காணலாம். பிலடெல்பியாவின் த றூட்ஸ் குழு 1999 இல் வெளியிட்ட தொகுப்புக்குச் சினுவா அச்சிபியின் 1958 ஆம் ஆண்டு நாவலின் பெயரை இட்டது. 'சிதைவுகள்' எனத் தமிழில் வந்த நாவல் அது. அத்தொகுப்பிலுள்ள 'யூ கொட் மீ' ஊரூராகச் சென்று இசை நடத்தும் கலைஞனுக்கும் அவன் துணைவிக்கும் இடையே வதந்தி விளைக்கும் ஐயத்தைப் பேசுவது. இப்பாட்டிற் பெண் பல்லவியோடு நிற்கவில்லை. சரணத்திலும் நுழைந்து தன் கட்சியைத் தானே பேசுகின்றாள். இதனாலேயே மற்றெல்லாவற்றினும் இது உயர்ந்து நிற்கின்றது. ஐயம் என்பது இருவர் பேசினாலன்றித் தீராத ஒன்று. பாட்டின் அமைப்பே அதனை ஒப்புக்கொள்கின்றது.

ஆனால் உறை வேறு கதை சொல்லிற்று. பல்லவியை எழுதியவர் அப்போது பெயர் பெறாதிருந்த ஜில் ஸ்கொட். கம்பனி புகழ் பெற்ற குரலை விரும்பியமையால் அதனைப் பாடியவர் எரிக்கா படூ. பெண்ணின் சரணத்தைப் பேசியவர் ஈவ். தட்டு வெளியானபோது முகப்பிலே அவர் பெயர் இல்லை. 2000 ஆம் ஆண்டு கிறமி விருது த றூட்ஸ் குழுவுக்கும் படூவுக்கும் வழங்கப்பட்டது. பெண்ணுக்குக் கூற்று வழங்கிய அரிய பாட்டொன்றை ஆக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டனர். முகப்பில் ஒருவருக்கே இடமிருந்தது. பாட்டினுள் வென்ற நியாயம் பாட்டின் உறையிலே தோற்றது எனலாம்.

இதற்கு ஓராண்டு முன்னரே லோறின் ஹில் இப்பிரிவினை முழுவதையும் தனியொருவராய்க் கடந்திருந்தார். பியூஜீஸ் குழுவில் இருந்தபோது உலகம் அவரைப் பெரும்பாலும் பாடகி என்றே அறிந்தது, அக்குழுவின் தலைசிறந்த பேச்சாற்றல் அவருடையதாக இருந்தும். 1998 இல் தமது தனித் தொகுப்பிலே சரணமும் பல்லவியும் தமதே என அவர் எடுத்துக்கொண்டார். முறிந்த காதலைப் பேசும் 'எக்ஸ்-பக்டர்' பாட்டுக்கு அவர் தளமாகக் கொண்டது வூ-டாங் குழுவின் இசைத்துணுக்கு ஒன்றை. ஆண்கள் தங்கள் இளமைக்கால நினைவுகளை ஏற்றிப் பேசிய அதே இசையின் மேல், நேசித்தும் ஏமாற்றப்பட்ட பெண்ணொருத்தி தன் வழக்கை எடுத்துரைக்கின்றாள். 1999 இல் அத்தொகுப்பு ஐந்து கிறமி விருதுகளைப் பெற்றது. ஆண்டின் சிறந்த தொகுப்பு என்ற விருதும் அவற்றுள் ஒன்று. அதனைக் கொண்டாடிய கம்பனிகள் அதன் பின்னரும் தங்கள் காதற்பாட்டுக்களுக்குப் பல்லவி பாடப் பெண்களைத் தேடிக்கொண்டேயிருந்தன. ஜில் ஸ்கொட்டின் முதற்றொகுப்பு 2000 இல் வெளிவந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், த றூட்ஸ் வெளியிட்ட மேடை ஒலிப்பதிவிலே 'யூ கொட் மீ' பாட்டின் பல்லவியை அதனை எழுதியவரே பாடினார்.