அளவெடுக்காமல் வாங்காதீர்கள்

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி, துணிமணியோடு, தலையில் மாட்டிப் பார்க்கும் ஒரு வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டையும் பையில் போட்டுக் கொண்டுவந்தான். மெட்டா கம்பெனியின் குவெஸ்ட் 3எஸ். ஊருக்குக் கிளம்பும்போது, "பன்னெண்டு நாள்ல ஒரு கல்யாணத்துக்கு மறுபடி வர்றேன்க்கா. அதுவரைக்கும் மாப்ள வெச்சு விளையாடட்டும்" என்று என் மகன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த பொருள் அது. பொங்கல் காசு, பிறந்தநாள் காசு என்று அவன் சேர்த்து வைத்திருந்தது 14 ஆயிரம் ரூபாய். மீதியை நான் போட வேண்டும். 2025 மார்ச் கடைசியில் இந்தக் கருவி இந்தியக் கடைகளுக்கு முறையாக வந்தபோது இதன் ஆரம்ப விலை சுமார் 36 ஆயிரம். இதற்கு மூத்த குவெஸ்ட் 3 அப்போது 58 ஆயிரத்துக்கு மேல். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு.

நான் மதுரையில் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். 19 வருஷமாகப் பவர் பார்த்து, ஃப்ரேம் பொருத்திக் கொடுப்பதுதான் வேலை. தம்பி போன அன்று சாயங்காலமே மகனைக் கடைக்கு அழைத்துப் போய், வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்காரவைத்து, பி.டி. ஸ்கேலை அவன் மூக்கின் மேல் வைத்தேன். பி.டி. என்பது ஒரு கருவிழியின் நடுவிலிருந்து இன்னொரு கருவிழியின் நடுவரை உள்ள தூரம். மில்லிமீட்டர் கணக்கு. இந்த அளவு தப்பினால் ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியும் தலைவலிதான், பத்தாயிரம் ரூபாய்க் கண்ணாடியும் தலைவலிதான். மகனுக்கு 59 வந்தது. எனக்கு 60.5. என் கணவருக்கு 67.

குவெஸ்ட் 3எஸ் கருவியில் லென்ஸ்களை நகர்த்த மூன்றே இடங்கள்தான்: 58, 63, 68. மகனுக்கு முதல் இடம் ஒத்துப்போகிறது, கணவருக்குக் கடைசி இடம். நான் 58-க்கும் 63-க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் வைத்தாலும் ஓரத்து எழுத்துகள் எனக்குக் கரைந்துதான் தெரிந்தன. குவெஸ்ட் 3-இல் ஒரு சக்கரத்தைத் திருகி 58 முதல் 71 வரை எந்த அளவிலும் நிறுத்தலாம். அதன் லென்ஸும் வேறு. 3எஸ்ஸில் இருப்பது ஃப்ரெனெல் லென்ஸ். பழைய கலங்கரை விளக்கங்களில் வட்ட வட்டமாகப் படி வெட்டியிருக்குமே, அந்த வகை. அதில் நடுவில் பார்த்தால்தான் தெளிவு. இருட்டுக் காட்சியில் ஒரு வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒளி சிதறும். இரண்டு கருவிகளின் விலைக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்துக்கு இந்த லென்ஸும் ஒரு காரணம். விளம்பரத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கடைக்கு வருகிற பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கண்ணுக்கு இவ்வளவு பக்கத்துல ஸ்கிரீன் வெச்சா கண்ணு கெட்டுப்போகாதா?" திரை பக்கத்தில் இருக்கிறதே தவிர, நடுவிலுள்ள லென்ஸ் அதை ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றே தள்ளி நிற்பதுபோலக் கண்ணுக்குக் காட்டுகிறது. புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படிப்பதைவிடக் கண்ணின் குவியத்துக்கு இது இலேசான வேலை. இதே காரணத்தால், கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டலாம் என்று நினைப்பதும் தவறு. என் மகனுக்கு மைனஸ் 2.25. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு அரை மீட்டருக்கு உள்ளேதான் தெளிவு. ஆகவே ஹெட்செட்டுக்குள்ளேயும் கண்ணாடி வேண்டும். அப்போது நம் பிளாஸ்டிக் லென்ஸும் கருவியின் லென்ஸும் உரசி இரண்டிலும் கீறல் விழலாம். அகலமான ஃப்ரேம் உள்ளேயே போகாது. இதற்கென்று பவர் போட்ட தனி லென்ஸ் செய்து பொருத்தலாம். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கண் களைத்துப்போவதற்குக் காரணம் வேறு. ஒரு பொருள் நம்மை நோக்கி வரும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், குவியமும் கூடவே கிட்டே வரும். பிறந்ததிலிருந்து சேர்ந்தே பழகிய இரண்டு வேலை அவை. இந்தக் கருவிக்குள் கண் திரும்புகிறது, குவியம் மட்டும் அதே தூரத்தில் நிற்கிறது. பழகிய ஜோடியைப் பிரித்து வைத்தால் அரை மணியில் நெற்றி கனக்கத்தான் செய்யும்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். அது தரும் சந்தோஷத்தை மறைத்து எழுதினால் என் மகனுக்குச் செய்யும் அநியாயம். 'பீட் சேபர்' என்று ஒன்று. செக் நாட்டுக்காரர்கள் செய்து 2018-இல் வெளிவந்தது. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப எதிரே வரும் கட்டிகளை இரு கையிலும் உள்ள ஒளிவாளால் வெட்ட வேண்டும். பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் ஒதுங்கி நிற்கும் என் பையன், அந்தப் பன்னிரண்டு நாளும் சட்டை நனைய ஆடினான். நானும் வேறொரு விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஹால் சுவரே உடைந்து, அதற்கு அப்பால் வேறொரு கிரகம் தெரிந்தது. உருண்டை உருண்டையாகப் பஞ்சு மாதிரிப் பிராணிகள் ஓட்டை வழியே என் சோபாவின் மேல் குதித்தன. வாழ்நாள் முழுக்கப் பார்வையோடு பிழைக்கிறவள் நான். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டி, மூளையை இத்தனை தூரம் நம்பவைக்க முடிகிறதே என்று அசந்துபோனேன்.

அடுத்த நாள் மகன் 'பேட்மேன்' விளையாட்டைப் போட்டான். நின்ற இடத்தில் நின்றபடி, கைப்பிடியில் உள்ள குச்சியை விரலால் தள்ளி நடப்பதும், மேலிருந்து மிதந்து இறங்குவதும் அதில் உண்டு. பத்தே நிமிஷம். கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை. கண் 'நகர்கிறேன்' என்கிறது, உள்காது 'நிற்கிறேன்' என்கிறது. கொடைக்கானல் வளைவில் பஸ்ஸுக்குள் புத்தகம் படிக்கிறவனுக்குக் குமட்டுவதும் இதே முரண்பாடு தலைகீழாக நடப்பதால்தான். பழகினால் சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று சாயங்காலம் முழுக்க வீணாகும். முதல் வியர்வையிலேயே கழற்றிவிட வேண்டும். எந்த விளையாட்டு இலகு, எது கடினம் என்று கம்பெனியின் கடையிலேயே குறித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இலகுவானதில் தொடங்க வேண்டும்.

தெருவோரத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும், போனைச் செருகும் பிளாஸ்டிக் பெட்டியை வாங்கிவிட்டு "வி.ஆர். இவ்வளவுதானா" என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெட்டி தலை திரும்புவதை மட்டுமே அறியும். ஓரடி முன்னே வைத்தால் அதற்குத் தெரியாது. ஆளோடு சேர்ந்து உலகமும் நகர்ந்துவிடும். குமட்டலுக்கு அது குறுக்குவழி.

வீட்டுக்கும் அளவு இருக்கிறது. நடமாடி ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும். எங்கள் ஹாலில் சோபாவைச் சுவரோடு தள்ளி, டீப்பாயை வெளியே வைத்த பிறகுதான் அது கிடைத்தது. தினமும் தள்ளி, தினமும் திரும்ப வைக்க வேண்டும். தரையில் நாம் போடும் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கருவி எச்சரிக்கும். தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பற்றி அந்தக் கோட்டுக்கு ஒன்றும் தெரியாது. டேப் வைத்து அளந்தோம்: தரையிலிருந்து இறக்கைக்கு எட்டடி. கையை உயர்த்தினால் மகன் ஏழரை அடிக்கு வருகிறான். ஒரு துள்ளல் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு ஆடினால் மதுரைப் புழுக்கத்தில் பஞ்சு உறை கால் மணியில் நனைந்து, லென்ஸில் ஆவி படிகிறது. கருவியின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். நான் விற்கும் ஃப்ரேம்கள் முப்பது கிராமுக்குள். அந்த முப்பது கிராமே மூக்கில் தழும்பு போடுகிறது என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் கருவி ஜன்னலோர மேசையில் மல்லாந்து கிடந்தது. கிழக்கு வெயில் அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் திருப்பி வைத்தேன். "என்னம்மா ஆச்சு?" என்றான் மகன். ட்ரையல் பெட்டியிலிருந்து பிளஸ் 20 லென்ஸை எடுத்து, மொட்டைமாடியில் பழைய செய்தித்தாளுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே பிடித்தேன். வெயில் ஒரு புள்ளியாகச் சுருங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் பழுத்துப் புகைந்தது. "உன் ஹெட்செட்டுக்குள்ளே இருக்கிறதும் இதே மாதிரி லென்ஸ்தான். காகிதம் இருக்கிற இடத்தில் அங்கே திரை இருக்கு" என்றேன். அதன் பிறகு ஒரு நாளும் அவன் அதைத் திறந்து போடவில்லை.

இவ்வளவையும் விட ஒரு சாயங்காலம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத உட்காரவைத்தது. மகனின் நண்பர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் மாட்டியதும் கூச்சல் போட்டார்கள், கையை நீட்டிக் காற்றைப் பிடித்தார்கள். மூன்றாவது பையன் அமைதியாகப் பார்த்துவிட்டுக் கழற்றினான். "நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. பெரிய டி.வி. பாக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் கடைக்கு வரச் சொன்னேன். வலது கண்ணில் கடைசி வரி வரை படித்தான். அதை மூடிவிட்டு இடது கண்ணைத் திறந்தேன். மேலே உள்ள பெரிய எழுத்தோடு நின்றுவிட்டான். இத்தனை வருஷம் ஒரே கண்ணில் படித்திருக்கிறான், கிரிக்கெட் ஆடியிருக்கிறான், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கே தெரியவில்லை. இரண்டு கண்ணும் கைகோத்தால்தான் ஆழம் தெரியும். அவனுக்கு அந்த ஆழமே பழக்கமில்லை. அவன் அம்மாவை வரவழைத்து, அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். இப்போது சிகிச்சை நடக்கிறது. இப்படிச் சோம்பிய கண்ணுக்குப் பயிற்சி தர வி.ஆர். கருவி வழியான ஒரு சிகிச்சைக்கே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் அனுமதி தந்திருக்கிறது. ஆகவே கருவியின் மேல் எனக்குப் பகை கிடையாது. இத்தனை ஆயிரம் கொடுக்கத் தயாராக இருக்கிற பெற்றோர், அதற்கு முன் பிள்ளையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். மெட்டாவே பத்து வயதுக்குக் கீழே கூடாது என்கிறது. 10 முதல் 12 வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கில்தான். என் ஆறு வயது மகள் எவ்வளவு அழுதும் அவள் தலையில் மாட்டவில்லை.

கம்பெனிகளின் குணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நின்டெண்டோ 1995-இல் 'விர்ச்சுவல் பாய்' கொண்டுவந்து, அடுத்த வருஷமே கைவிட்டது. கூகுள் 2016-இல் தொடங்கிய 'டேட்ரீம்' 2019-இல் நின்றது. இந்தத் துறையைத் தாங்கிப் பிடிக்கும் மெட்டாவின் பிரிவு 2024-இல் மட்டும் சந்தித்த நஷ்டம் சுமார் 1,770 கோடி டாலர். எவ்வளவு காலம் இப்படிப் பணத்தைக் கொட்டுவார்கள்? கருவி நம்முடையது. விளையாட்டும் கணக்கும் அவர்கள் கையில். பத்து வருஷப் பொருளாக நினைத்து இதை வாங்கக் கூடாது.

பன்னிரண்டு நாளும் மகன் எவ்வளவு நேரம் ஆடினான் என்று கடை பில் புத்தகத்தின் பின்னட்டையில் அவனையே குறிக்கச் சொன்னேன். முதல் நான்கு நாளில் ஏழு மணி நேரம். அடுத்த நான்கு நாளில் இரண்டரை. கடைசி நான்கு நாளில் ஐம்பது நிமிஷம், அதுவும் பீட் சேபர் மட்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே கூட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம்மா. முழுப் பரீட்சை லீவுக்கு மாமாகிட்ட மறுபடி கேப்போம். அப்பவும் தினம் ஆடத் தோணுச்சுன்னா வாங்கலாம்" என்றான். அவன் 14 ஆயிரமும் அப்படியே இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பெங்களூர் மாமா இருக்க மாட்டார். அதனால்தான் விற்கிற கடைகளிடம் கேட்கிறேன். என் கடையில் ட்ரையல் ஃப்ரேமை மாட்டி, வாசல் வரை நடக்கவிட்டு, எதிர்க்கடை போர்டைப் படிக்கவைத்த பிறகுதான் ஆர்டர் எழுதுகிறேன். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அவ்வளவு செய்கிறோம். இத்தனை ஆயிரம் ரூபாய்ப் பொருளைப் பெட்டி பிரிக்காமல் கையில் கொடுப்பது என்ன நியாயம்? ஒரு கருவியைத் திறந்து வையுங்கள். வாங்க வருகிறவர் அரை மணி நேரம் மாட்டிப் பார்க்கட்டும். மால்களில் காசு வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் ரோலர் கோஸ்டர் காட்டுகிறார்களே, அந்த ஐந்து நிமிஷத்தில் வியப்பு மட்டும்தான் தெரியும். நெற்றிக் கனம் தெரிய அரை மணி வேண்டும். ஒரு வாரத்துக்கு வாடகைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. பொருந்துகிறவர்கள் மனநிறைவோடு வாங்குவார்கள்.

போன வாரம் மகனின் அந்த நண்பன் புதுக் கண்ணாடி வாங்க அம்மாவோடு வந்தான். வலது கண்ணை மறைத்துக்கொண்டு எதிர்க்கடை போர்டைப் பார்க்கச் சொன்னேன். முதல் இரண்டு எழுத்தைத் தயங்கித் தயங்கிப் படித்தான். மூன்றாவது எழுத்து இன்னும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.