பச்சை குத்தப் பழகுகிறவர்களுக்கு

பச்சை குத்திக்கொள்ளும் மோகம் நம் வாலிபர்களிடையே மறுபடியும் வந்திருக்கிறது. பாட்டியின் கையில் கோலமாகவும் தேளாகவும் இருந்தது, பேரனின் தோளில் ‘டாட்டூ’ என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. குத்திக்கொள்பவர் பெருகினால் குத்துபவரும் பெருகத்தான் செய்வார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், இயந்திரத்தை விலைக்கு வாங்கி, நாலு நாள் பழகி, ஐந்தாம் நாள் அடுத்தவர் கையைப் பிடிக்கிறார்களே, அதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

துணியில் தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் என்ன செய்வது?

நம் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறது. மை அங்கேயே நின்றால் சில வாரங்களில் போய்விடும். அதற்கு அடியில் உள்ள தோலில் போய்த் தங்க வேண்டும். அந்த ஆழம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். குறைந்தால் கோடு மங்கும். கூடினால் மை கசிந்து, ஈரக் காகிதத்தில் எழுதியது போல் பரவும். மணிக்கட்டுத் தோல் மெல்லியது. முதுகுத் தோல் தடிப்பு. எங்கே எவ்வளவு அழுத்துவது என்பதைக் கைதான் கண்டுகொள்ள வேண்டும். வலது கை குத்தும்போது இடது கை தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதி வித்தை அந்த இடது கையில் இருக்கிறது!

ஆகவே, முதலில் பென்சிலும் காகிதமும். பிறகு ஆரஞ்சுப் பழம், பன்றித் தோல். இப்போது சிலிக்கோன் தோலும் கிடைக்கிறது. ஆனால் ஆரஞ்சுப் பழம் நெளியாது, ‘அம்மா’ என்று கத்தாது. அதற்குத்தான் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விளக்குக் கரியைக் குழைத்துக் குத்திய நம் குறத்திகள், வலி தெரியாமலிருக்கப் பாட்டும் பாடினார்கள். எதிரே இருப்பவரின் வலி அவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதி.

ஜப்பானில் குருவின் வீட்டிலேயே தங்கி, வீடு பெருக்கி, தன் தொடையிலேயே குத்திப் பழகிய சிஷ்யர்கள் உண்டு. தொடை சரி. வீடு பெருக்குவதில் என்ன பாடம் இருக்கிறது? சம்பளமில்லாத ஆள் கிடைத்தான் என்று வருஷக் கணக்கில் விளக்குமாற்றைக் கையில் கொடுப்பவர் வாத்தியார் அல்ல.

ஊசித் தட்டைச் சுத்தம் செய்வது வேறு விஷயம். அதுதான் முதல் பாடம். நியூயார்க் நகரம் 1961-ல், காமாலை பரவுகிறது என்ற காரணம் காட்டிப் பச்சை குத்துவதையே தடை செய்தது. 1997-ல்தான் தடை நீங்கியது. ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்கு ஆகாது. மீந்த மையையும் கொட்டிவிட வேண்டும். திரும்ப உபயோகிக்கும் பிடியை வெந்நீரில் முக்கினால் போதாது. அழுத்த நீராவியில், 121 டிகிரி செல்ஷியஸில், கால் மணி நேரமாவது வைக்க வேண்டும். இதைக் கைப்பழக்கமாகச் செய்யத் தெரியாதவனிடம் இயந்திரத்தைக் கொடுப்பது, பிரேக் தெரியாதவனிடம் பஸ்ஸைக் கொடுப்பது போலத்தான்.

‘முடியாது’ என்று சொல்லவும் பழக வேண்டும். குடித்துவிட்டு வருபவருக்கு முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முடியாது. நேற்றுப் பார்த்த பெண்ணின் பெயரை நெஞ்சில் எழுதச் சொல்பவரிடம், “ஒரு மாசம் கழித்து வாருங்கள் தம்பி” என்று சொல்லலாம்.

இவ்வளவும் ஆன பிறகு முதல் ஆள் வரட்டும். ‘நான் இன்னும் பழகுகிறவன்’ என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாத்தியார் பக்கத்தில் நிற்க வேண்டும். கூலி வாங்கக் கூடாது.