காசு தருவார்களாம், சங்கம் மட்டும் கூடாதாம்

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள்தான். ஆனால் மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறோம் என்று நிர்வாகம் இறங்கிவந்த பிறகும் பந்தலை விட்டு எழவில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது சங்கத்துக்கு அங்கீகாரம். நிர்வாகம் கடைசிவரை மறுத்ததும் அதைத்தான். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்று இருப்பதற்குக்கூட ஆட்சேபம்!

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, அதன் தலைவர் பி.பி. வாடியா மீது பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று அந்தச் சூட்டில் எழுந்த கோரிக்கைதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமானது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, அதே சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளர்கள் மறுபடியும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

முதலாளிகள் கூடிப் பேச வர்த்தக சபைகள் உண்டு, அமைச்சர்களைப் பார்க்க நேரமும் உண்டு. தொழிலாளி கூடினால் மட்டும் முதலீடு ஓடிவிடும் என்கிறார்கள். முதலாளி மனம்வைத்துக் கொடுக்கும் தொகையை அவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். சங்கம் பேசிப் போடும் ஒப்பந்தத்தை அப்படி நிறுத்த முடியாது. வர்க்கப் போராட்டத்தின் அடிமுடிச்சு இதுதான். அரசு இதில் நடுவராக நின்றால் போதாது. சட்டத்தின் பக்கம் நிற்க வேண்டும்.