பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்பி வாங்காதீர்கள்

வீட்டுக்கு ஒரு மின்கருவி வாங்க வேண்டுமென்றால் கைப்பேசியில் தேடிப் பார்த்து, "அப்பா, இதை வாங்கலாம்" என்று சொல்பவர் பல வீடுகளில் நீங்கள்தாம். அப்படித் தேடப்படும் பொருள்களில் ஒன்று, டயருக்குக் காற்றடிக்கும் கையடக்கப் பம்ப். விளம்பரத்தைத் திறந்தவுடன் '150 பி.எஸ்.ஐ.' என்ற எண் பெரிய எழுத்தில் கண்ணில் படும். பக்கத்தில் 120 என்று போட்ட பம்பைவிட இதுதான் சிறந்தது என்று தோன்றும்.

என் கருத்து இதுதான்: காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பம்ப் வாங்குபவருக்கு மிகக் குறைவாகப் பயன்படும் எண் அதுவே. சரியான பம்பைத் தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவு உங்கள் படிவம் 4, படிவம் 5 இயற்பியல் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் டயர் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவோரத்தில் ஓர் ஒட்டுவில்லை இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 200 முதல் 250 கிலோபாஸ்கல் வரை, அதாவது 29 முதல் 36 பி.எஸ்.ஐ. வரை குறிக்கப்பட்டிருக்கும். கப்சாய் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். 150 பி.எஸ்.ஐ. என்பது 1,034 கிலோபாஸ்கல். அந்த அழுத்தம் 100 மீட்டருக்கு மேல் தண்ணீரை உயர்த்தப் போதும். ஒரு மாடி வீட்டுக்கு அப்படிப்பட்ட தண்ணீர்ப் பம்பை யாரும் தேட மாட்டோம்.

அடுத்து, கேட்க வேண்டிய கேள்வி: ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று? இங்கே பாயில் விதி உதவும். சிறிய காரின் டயருக்குள் ஏறக்குறைய 25 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் 160 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிட்டது. 220-க்கு ஏற்ற வேண்டும். குறைவது 60 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தை 100 என்று எடுத்துக்கொண்டால், 25 × 60 ÷ 100 = 15 லிட்டர் வெளிக்காற்று தேவை. நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் பம்புக்கு இது ஒரு நிமிட வேலை. முழுவதும் இறங்கிப்போன டயருக்கு 55 லிட்டர் வேண்டும். அதற்கு நான்கு நிமிடம் ஆகும்.

உண்மையில் இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிஸ்டன் மேலே போய் முடியும் இடத்தில் சிறிது காற்று வெளியேறாமல் தங்கிவிடும். டயரின் அழுத்தம் கூடக் கூட, அந்தத் தங்கிய காற்றின் அழுத்தமும் கூடும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அது விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் புதிய காற்று குறைவாகவே உள்ளே வரும். ஆகவே, பெட்டியில் லிட்டர் கணக்கே போடாத பம்பை நான் ஒதுக்கிவிடுவேன்.

மூன்றாவது, வெப்பம். சைக்கிள் பம்பால் வேகமாகக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தும்போது நாம் செய்யும் வேலை அதன் வெப்பநிலையை உயர்த்துகிறது. கையடக்கப் பம்பின் சிலிண்டரும் மோட்டாரும் மிகச் சிறியவை. சூடு வெளியேற வழி குறைவு. அதனால்தான் கையேட்டில் "இத்தனை நிமிடம் ஓடிய பின் நிறுத்தி ஆறவிடவும்" என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் கணக்கிட்ட நேரத்தை நான்கு டயர்களுக்கும் பெருக்கி, அந்த நிமிடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்கலத்திலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. ஒரு பம்பில் 6,000 மில்லி ஆம்பியர் மணி, மற்றொன்றில் 2,000 என்று இருக்கும். முதலாவதில் மூன்று மடங்கு ஆற்றல் இருக்கிறதா? முதலாவது 3.7 வோல்ட் என்றும் இரண்டாவது 11.1 வோல்ட் என்றும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் 22.2 வாட் மணிதான்! ஆம்பியர் மணி மின்னூட்டத்தின் அளவு. ஆற்றலை அறிய வோல்ட்டால் பெருக்க வேண்டும். பெட்டியில் வாட் மணியைத் தேடுங்கள்.

நம் நாட்டு வெயிலில் நிறுத்தி வைத்த காரின் உட்பகுதி 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். லித்தியம் மின்கலத்துக்கு அந்தச் சூடு ஆகாது. காரிலேயே எப்போதும் வைத்திருக்க நினைத்தால், காரின் 12 வோல்ட் துளையில் செருகும் கம்பி வைத்த பம்பையே நான் பரிந்துரைப்பேன். அதில் கெட்டுப்போக மின்கலம் இல்லை; அவசர நேரத்தில் "சார்ஜ் இல்லை" என்ற பேச்சும் இல்லை.

மோட்டார் சைக்கிளின் கதை வேறு. கப்சாய் டயருக்குள் ஏறக்குறைய 5 லிட்டர் இடமே உண்டு. மேலே சொன்ன அதே பம்ப் பத்து விநாடி கூடுதலாக ஓடினால் அழுத்தம் 50 கிலோபாஸ்கல் ஏறிவிடும். அதனால், குறித்த அளவு வந்ததும் தானே நின்றுவிடும் வசதி காரைவிட மோட்டார் சைக்கிளுக்கு முக்கியம். வீட்டில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் என்றால், அளவுமானி வைத்த கால் பம்ப் ஒன்றே போதும். 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கக் காத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"எண்ணெய் நிலையத்தில் காற்று இலவசமாகக் கிடைக்கிறதே, பம்ப் எதற்கு?" என்று உங்கள் அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலையம் வீட்டுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால், காலையில் அங்கேயே போய் அடித்துக்கொள்ளுங்கள், பணம் மிச்சம். தூரமாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டுவில்லையில் உள்ள அளவு, ஓடாமல் ஆறிய டயருக்கு உரியது. 27 டிகிரியில் மானி 220 காட்டும் டயரின் முழு அழுத்தம், வளிமண்டலத்தையும் சேர்த்து 320 கிலோபாஸ்கல். ஓடிச் சூடேறி 57 டிகிரி ஆனால், 320 × 330 ÷ 300 = 352. மானி 252 காட்டும். "கூடிவிட்டது" என்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்த அழுத்தத்தில் நிற்கும். வீட்டு வாசலிலேயே, ஆறிய டயரை அளக்க முடிவதுதான் சொந்தப் பம்பின் உண்மையான பயன்.

அப்படி அளக்க, பம்பின் மானி சரியாக இருக்க வேண்டும். திரையில் 32.5 என்று தசமப் புள்ளியோடு காட்டுவதால் மட்டும் அது சரியாகிவிடாது. சிறு மாற்றத்தைக் காட்டுவது வேறு, உண்மை மதிப்பைக் காட்டுவது வேறு. வாங்கியவுடன் வேறொரு மானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று நினைக்க வேண்டாம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு வெப்பமாகிறது. வெப்பம் ரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் பலவீனமாக்குகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது குடும்பமே காரில் இருக்கும், பின்னால் பைகள் நிறைந்திருக்கும், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். டயர் வெடிக்கக் கூடாத நேரம் அது. ஆணி குத்திய டயரையும் பக்கச் சுவர் கிழிந்த டயரையும் எந்தப் பம்பும் சரிசெய்யாது. அவை கடைக்குப் போக வேண்டியவை.

இன்று மாலை ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாகனத்திடம் போங்கள். தேவைப்படும் அழுத்தத்தை எழுதுங்கள். லிட்டர் கணக்கைப் போடுங்கள். அதன் பிறகு பம்பைத் தேடுங்கள். அப்பா "எது நல்லது?" என்று கேட்டால், பெட்டியில் உள்ள எண்ணுக்குப் பதிலாக நீங்கள் போட்ட கணக்கைக் காட்டுங்கள்.