பெயரைக் கழுவினால் பாதுகாப்பு வராது

கோப்பின் பெயரை வாங்கு. அதில் அடுத்தடுத்து இரண்டு புள்ளி இருந்தால் வெட்டு. சாய்கோடு இருந்தால் வெட்டு. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர மற்றதையெல்லாம் துடை. பிறகு நிம்மதியாக வட்டில் எழுது. வலைத்தளத்தில் கோப்பு ஏற்றும் வசதியைச் செய்யக் கற்றுத்தரும் பாடங்கள் பலவும் இதைத்தான் சொல்கின்றன. நேர்காணலில் இதைக் கேட்கிறார்கள். கோடு ரிவ்யூவில் "பெயரை வேலிடேட் பண்ணியாச்சா?" என்று ஒருவர் கேட்பார், "பண்ணியாச்சு" என்று மற்றவர் சொல்வார், இருவரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பெயர் சுத்தமானால் கோப்பு பத்திரம் என்ற இந்த எண்ணம் அடியிலேயே தவறு. வர வேண்டாதவனை இது தடுப்பதில்லை. தடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள்.

கோளாறு எங்கே இருக்கிறது என்றால், நாம் சோதிப்பது ஓர் எழுத்துத்தொடரை. கோப்பைத் திறப்பதோ இயங்குதளம். அந்தத் தொடர் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இயங்குதளத்துக்கும் அதன் கீழே இருக்கும் கோப்பு முறைமைக்கும்தான் உண்டு. நாம் எழுதிய ரெஜெக்ஸை அவை கலந்தாலோசிப்பதில்லை. யூனிக்ஸ் வழிவந்த கெர்னல்களுக்குப் பெயரில் ஆகாதவை இரண்டே பைட்டுகள்: சாய்கோடு, சுழி. மற்றது எதுவும், வரிமுறிவுகூட, பெயருக்குள் வரலாம். விண்டோஸ் ஒன்பது குறிகளை விலக்குகிறது. போதாதென்று பெயரின் கடைசியில் நிற்கும் புள்ளியையும் இடைவெளியையும் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்த்துவிடுகிறது. மேக்கில் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே. ஒரே தொடர் மூன்று கணினிகளில் மூன்று கோப்பாகலாம். மூன்று தொடர்கள் ஒரே கணினியில் ஒரே கோப்பாகலாம்.

இதற்கு "வெள்ளைப்பட்டியல் போட்டால் தீர்ந்தது, ஆங்கில எழுத்தை மட்டும் விடு" என்பார்கள். சரி, விடுங்கள். விண்டோஸில் கான், ஆக்ஸ், நல், காம்1, எல்பிடி1 என்ற பெயர்கள் கோப்புகளுக்கு உரியவை அல்ல, சாதனங்களுக்கு உரியவை. சிபி/எம் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. அதனால் பிரிண்டருக்கும் கோப்பு போலவே ஒரு பெயர் இருந்தது. 1983இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, பழைய புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாதே என்று, எந்த ஃபோல்டரில் நின்று அழைத்தாலும் அந்தப் பெயர்கள் சாதனத்தையே குறிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பாதையில் கான் என்று அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினால் விண்டோஸ் 95, 98 கணினிகள் அப்படியே படுத்துவிடும் என்று 2000இல் தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்குத் தனியாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. மூன்றே ஆங்கில எழுத்துகள். உங்கள் வெள்ளைப்பட்டியல் அதை இருகை நீட்டி வரவேற்றிருக்கும். (லினக்ஸ் கெர்னலின் மூலநிரலிலேயே ஆக்ஸ் என்ற பெயரில் ஒரு சி கோப்பு இருக்கிறது. அதை விண்டோஸில் இறக்கப் பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.)

பெரிய நிறுவனங்கள், கைதேர்ந்தவர்கள், இவர்களுக்குமா தெரியாமல் போகும்? தெரியாமல் போனதன் வரலாறு நீளமானது. 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சர்வரில் ஒரு ஓட்டை பேசப்பட்டது. யுடிஎஃப்-8 முறையில் சாய்கோட்டுக்கு ஒரு பைட்டே போதும். ஆனால் விதியை மீறி இரண்டு பைட்டுகளாகவும் நீட்டி எழுதலாம். சர்வர் முதலில் பெயரைச் சோதித்தது, சாய்கோட்டைக் காணவில்லை, சரி என்றது. பிறகு நீட்டி எழுதியதைச் சுருக்கிப் படித்தது. அப்போது சாய்கோடு முளைத்தது. சோதனை அதற்குள் முடிந்துபோயிருந்தது. ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, 2001 செப்டம்பரில் பரவிய நிம்டா புழு பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. திருத்தம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அப்பாச்சி சர்வரின் கதை இன்னும் கூர்மையானது. 2021 செப்டம்பரில் வந்த 2.4.49 பதிப்பில், கேட்கப்படும் பாதையைச் சீர்செய்யும் பகுதியை மாற்றி எழுதியிருந்தார்கள். இணைய முகவரியில் புள்ளியை நேராகவும் எழுதலாம், விழுக்காட்டுக் குறி போட்டு அதன் குறியீட்டு எண்ணாகவும் எழுதலாம். புதிய பகுதி ஒவ்வோர் எழுத்தாகக் குறியீட்டைக் கலைத்துக்கொண்டே நடந்தது. ஒரு புள்ளி வந்தால் அடுத்ததும் புள்ளியா என்று எட்டிப் பார்த்தது. அடுத்தது குறியீட்டு வேஷத்தில் இருந்தால்? வேஷம் கலையும் முறை அதற்கு இன்னும் வரவில்லை. எட்டிப் பார்த்த கண்ணுக்கு அது புள்ளியாகத் தெரியவில்லை. முதல் புள்ளி நேராக, இரண்டாவது வேஷத்தில் என்று கலந்து எழுதியவர்கள், ஃபோல்டருக்கு மேலே ஏறி மற்ற கோப்புகளைப் படித்தார்கள். சிஜிஐ வசதி திறந்திருந்த சர்வர்களில் கட்டளைகளையே ஓட்டினார்கள். சிவிஇ-2021-41773 என்று இதற்கு எண் கொடுக்கப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 2.4.50 வந்தது. அது அந்த ஒரு வேஷத்தைப் பிடித்தது. குறியீட்டையே மறுபடி குறியீடாக்கி எழுதினால் விட்டுவிட்டது. சில நாட்களிலேயே 2.4.51 வெளியிட வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் தப்பித்த சர்வர்கள் எவை? வெளிப்படையாக அனுமதிக்காத எந்த ஃபோல்டரையும் யாருக்கும் தராதே என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தவை. அதுதான் வழக்கமான தொடக்க அமைப்பும்கூட. அதை அப்படியே விட்டவர்களுக்கு, பெயர்ச் சோதனை கோட்டை விட்டபோதும் ஒன்றும் ஆகவில்லை. காப்பாற்றியது அனுமதி. பெயர் என்னவாக இருந்தது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அந்தச் சம்பவத்திலிருந்து பலர் கற்றுக்கொண்ட பாடம் "இன்னும் கறாராகச் சோதி" என்பதுதான். வியப்பாக இருக்கிறது.

கறாராகச் சோதித்தவர்கள் பட்டதையும் பார்ப்போம். கிட் தன்னுடைய ரகசியங்களை வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கும். அந்தப் பெயரில் எந்தக் கோப்பும் வெளியிலிருந்து வரக்கூடாது என்று கிட் சோதித்துக்கொண்டுதான் இருந்தது. 2014 டிசம்பரில் தெரியவந்தது என்ன? அதே பெயரில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக்கினால் சோதனை வேறு பெயர் என்கிறது, மேக்கும் விண்டோஸும் அதே ஃபோல்டர் என்கின்றன. விண்டோஸின் பழைய எட்டெழுத்துச் சுருக்கப் பெயரில் அழைத்தாலும் அதே ஃபோல்டர். மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பெயருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத சில யூனிகோடு குறிகளைச் செருகினாலும் அவற்றை இல்லாததாகவே பாவிக்கும். அவற்றில் ஒன்று அகலமில்லாப் பிரிப்பான். க், ஷ இரண்டும் ஒட்டி க்ஷ ஆகிவிடாமல் பிரித்துக் காட்ட நாம் தமிழில் தட்டுகிறோமே, அதே குறி. யாரோ ஒருவரின் களஞ்சியத்தை இறக்கிய மாத்திரத்தில் உங்கள் கணினியில் அவருடைய கட்டளை ஓடக்கூடிய நிலை. பெயரைச் சோதித்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. கோப்பு முறைமை பெயரைப் படிக்கும் விதத்தில் அவர்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப் படிக்க வெளியிலிருக்கும் எந்தப் புரோகிராமாலும் முழுமையாக முடியாது.

இனி, தடுக்கப்படுகிற நல்லவர்கள் பக்கம் வருவோம். பைத்தானின் ரெஜெக்ஸில் "சொல்லில் வரும் எழுத்து" என்பதற்கு ஒரு சுருக்கம் இருக்கிறது. தமிழெழுத்தும் அதில் அடங்கும் என்று மகிழாதீர்கள். யூனிகோடு கணக்கில் க, ச, ட எழுத்துகள். காலும் கொம்பும் மெய்யின் மேல் வைக்கும் புள்ளியும் ஒட்டுக்குறிகள். பைத்தான் ஒட்டுக்குறிகளை அந்தச் சுருக்கத்தில் சேர்ப்பதில்லை. ஜாங்கோ கோப்புப் பெயரைச் சுத்தம் செய்யும் வழி இந்தச் சுருக்கத்தை நம்பியிருக்கிறது. விளைவு: நீங்கள் பட்டா என்று பெயரிட்டு ஏற்றினால் அது படட ஆகிறது. பாட்டு என்றாலும் படட. பெட்டி, பூட்டு, பாட்டி, எல்லாமே படட. ஜாங்கோ பெயர் மோதும்போது வாலில் சில எழுத்துகளை ஒட்டிப் பிரித்து வைக்கும் என்பதால் கோப்புகள் அழியாது. ஆனால் எது பட்டா, எது பாட்டியின் படம் என்று ஏற்றியவருக்கே தெரியாது. அந்த முன்யோசனைகூட இல்லாமல் கையால் எழுதிய புரோகிராம் என்றால் ஒன்றின் தலையில் ஒன்று ஏறிக்கொள்ளும். ஃபிளாஸ்க்கில் கோப்பு ஏற்றுவோர் வழக்கமாக அழைக்கும் வெர்க்சோய்க் நூலகத்தின் பெயர் துடைப்பான் இன்னும் தாராளம்: ஆஸ்கியில் இல்லாத எதையும் அது வைப்பதில்லை. தமிழ்ப் பெயர் கொண்ட பிடிஎஃப் கோப்பு வெளியே வரும்போது அதன் பெயர் பிடிஎஃப், வேறொன்றும் இல்லை. நீட்சி இல்லாத பெயரென்றால் வெறும் வெற்றுத்தொடர். இதை அந்த நூலகத்தின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது, படிப்பவர்தான் இல்லை.

நீளத்துக்கு வைக்கும் சோதனையும் இதே லட்சணம்தான். "பெயர் 100 எழுத்துக்குள்" என்று படிவத்தில் எழுதுகிறார்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 எண்ணுவது பைட்டுகளை. 255க்கு மேல் ஏற்காது. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட்டுகள், ஆக 85 குறிகள். வீட்டுமனைப்பட்டா என்பது நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து, யூனிகோடுக்குப் பதினாறு குறி, வட்டுக்கு 48 பைட்டு. நூறு குறிகள் கொண்ட தமிழ்ப் பெயர் படிவத்தைத் தாண்டும், வட்டில் விழும். அதே பெயரை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அது பைட்டை எண்ணுவதில்லை. எந்த எண்ணைப் படிவத்தில் போடுவீர்கள்? எழுதிப் பார்த்து, தவறினால் வரும் பிழையை நேர்மையாகப் பயனருக்குச் சொல்வதைவிட்டு, வட்டின் மனதை முன்கூட்டியே ஊகிக்கும் வேலை எதற்கு? கோ என்ற எழுத்தில் ககரத்தோடு ஒட்டும் ஓகாரத்தைக்கூட ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே வைக்கும். எக்ஸ்ட்4 வந்தது வந்தபடி வைக்கும். ஒரே ஃபோல்டரில் கோவில் இரண்டு நிற்கும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது.

பெயரை வெட்டுவதை விட்டுவிட்டோம், முழுப் பாதையையும் விரித்து அது நம் ஃபோல்டரில்தான் தொடங்குகிறதா என்று பார்க்கிறோம் என்பவர்கள் கொஞ்சம் தேறியவர்கள். ஆனால் மணி என்பவரின் ஃபோல்டரில் தொடங்குகிறதா என்று எழுத்தளவில் பார்த்தால் மணிமாறனின் ஃபோல்டரும் தேர்ச்சி பெற்றுவிடும்; கடைசியில் ஒரு சாய்கோடு சேர்க்க மறந்த புரோகிராம்களில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. சேர்த்துவிட்டாலும் தீராது. நீங்கள் பார்த்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் நடுவே, பாதையில் இருந்த ஃபோல்டரை எடுத்துவிட்டு அதே பெயரில் வேறெங்கோ காட்டும் குறியிணைப்பை ஒருவர் வைத்துவிடலாம். அப்போது நீங்கள் சோதித்தது ஒன்று, திறந்தது இன்னொன்று.

அப்படியானால் என்னதான் செய்வது என்றால், ஏற்றும் கோப்புகளுக்கு விடை எளிது. பயனர் தரும் பெயரைப் பாதையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கோப்புக்கு நீங்களே ஓர் எண் கொடுத்து அந்த எண்ணின் பெயரில் வட்டில் வையுங்கள். அவர் தந்த பெயரைத் தரவுத்தளத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் எழுதி வையுங்கள். இறக்கும்போது அவர் பெயர் அவருக்கு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266 எந்த மொழிப் பெயரையும் உலாவிக்கு யுடிஎஃப்-8இல் சொல்லியனுப்ப வழி வைத்திருக்கிறது. பெயரைச் சோதிக்க நியாயமான ஓர் இடம் உண்டென்றால் அது திரை. எழுத்தோட்டத்தைத் தலைகீழாக்கும் யூனிகோடு குறியைச் செருகி, ஓடும் புரோகிராமைப் படம் போலக் காட்டுவது பழைய மோசடி. காட்டும்போது அதைப் பிடியுங்கள். வைக்கும்போது கைவைக்காதீர்கள்.

ஜிப் விரிப்பவை, பேக்கப் எடுப்பவை, ஒத்திசைப்பவை ஆகியவற்றுக்கு இந்த வசதி இல்லை. பெயர் பெயராகவே இருந்தாக வேண்டும். 2018இல் ஜிப் ஸ்லிப் என்ற பெயரில் அம்பலமானபோது, காப்பகத்துக்குள் இருந்த பெயர்களை நம்பி வெளியே எழுதிய நூலகங்கள் பல மொழிகளில் அகப்பட்டன. இங்கேயும் வேலையைக் கெர்னலிடம் விடுவதே வழி. லினக்ஸ் 5.6இல், 2020இல், ஓபன்அட்2 என்ற அழைப்பு வந்தது: ஃபோல்டரைக் காட்டி, இதற்குக் கீழே மட்டும் திற, மேலே ஏறினால் மறு என்று சொல்லலாம். சோதிப்பதும் திறப்பதும் அங்கே ஒரே செயல், நடுவே இடைவெளி இல்லை. கோ மொழி 1.24 பதிப்பில், 2025 பிப்ரவரியில், ரூட் என்ற வகையாக இதே வசதியைப் பெரும்பாலான இயங்குதளங்களுக்கும் கொடுத்தது. விண்டோஸில் நல், காம்1 வகையறாவையும் அது மறுக்கும். ஃபோல்டருக்குள் வேறொரு வட்டைப் பொருத்தி வைத்திருந்தால் அதற்குள் போவதை ரூட் தடுக்காது. அந்தத் தடையும் வேண்டுமென்றால் ஓபன்அட்2இல் அதற்கென்றே தனிக் கொடி இருக்கிறது.