வடிகாலில் இறுகும் சிமெண்டும் இறங்கும் சாதியும்

கட்டடம் எழும்புகிற எந்தத் தெருவிலும் சாயங்காலம் போய் நின்னு பாருங்க. கலவை மிஷினைக் கழுவின சாம்பல் தண்ணி ரோட்டோரமா ஓடி மழைநீர் வடிகாலுக்குள் விழும். அடித்தளம் தோண்டுற இடமென்றால் மோட்டார் இறைக்கும் சேற்றுத் தண்ணியும் அதே ஓட்டைக்குள்தான். கழுவச் சொன்னவர் மேஸ்திரி, மேஸ்திரிக்குச் சொன்னவர் காண்ட்ராக்டர். கழுவுகிற சித்தாள் பெரும்பாலும் நம்ம ஆள். அவர் கையிலும் சிமெண்ட் அரித்த புண். அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதைப் பேசினால் நம் தோழர்களிலேயே சிலர், 'இதெல்லாம் மீன் சாகுதுன்னு கவலைப்படுறவங்க பிரச்சினை' என்கிறார்கள். மீன் சாவதும் உண்மைதான். சிமெண்ட் தண்ணியின் காரம் மீனை விட்டுவைக்காது. சென்னை வடிகால்கள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும்தான் போகின்றன. ஆனால் நமக்கு முதல் கேள்வி வேற: உள்ளே படிந்ததை எடுக்க இறங்குறது யாரு?

மணல் படிஞ்சா இயந்திரம் உறிஞ்சும். சிமெண்ட் அப்படியல்ல. அது காய வேண்டியதே இல்லை, தண்ணிக்குள்ளேயே இறுகும். அடியில் கல்லாக உட்கார்ந்துவிட்டால் தண்ணி பீய்ச்சும் வண்டியும் உறிஞ்சும் வண்டியும் அதைப் பேர்க்காது. கடப்பாறையோடு ஒரு ஆளை இறக்குவார்கள். அந்தக் கல்லுக்குப் பின்னால் தேங்கி நிற்பது மழைத்தண்ணி மட்டுமா? திருட்டுத்தனமாகச் சேர்த்த கழிவுநீர்க் குழாய்களும் அதில்தான் விழுகின்றன. கறுப்புச் சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். 'மிஷின் வந்துடுச்சு, இனி மனுஷன் இறங்க வேண்டாம்' என்று சொல்லும் அரசு, மிஷினால் எடுக்க முடியாததை உள்ளே விடுகிற முதலாளியைக் கேட்பதில்லை.

சட்டத்துக்கு வருவோம். மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதை அபாயகரமான துப்புரவு என்று தடுக்கிறது. பாதாளச் சாக்கடை எது? மனித மலத்தைக் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய். 'மழைநீர் வடிகால்'னு பேர் வச்சுட்டா, காகிதத்தில் அதில் ஓடுவது வெறும் மழை. சாக்கடைச் சாவுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. வடிகாலில் செத்தவர் குடும்பத்திடம் 'இது சாக்கடை இல்லையே' என்று அதிகாரி கைவிரிக்க அந்தப் பேரே போதும். சென்னையில் சாக்கடை குடிநீர் வாரியத்துக்கு, வடிகால் மாநகராட்சிக்கு என்று பிரிந்து கிடப்பது இன்னும் வசதி. (துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கியதும் இதே பேர் மாத்துற வித்தைதானே!)

இத்தனைக்கும் தடுப்பது லேசு. மனைக்குள்ளேயே குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, கலவை கழுவின தண்ணியை அதில் விட்டால், இறுகின பிறகு கட்டியாக அள்ளிப் போகலாம். இறைக்கும் தண்ணியைத் தொட்டியில் தேக்கித் தெளியவிட்டு வெளியேற்றலாம். மணல் குவியலை மூடலாம். வடிகால் வாயைச் சுற்றி ஜல்லி மூட்டை அடுக்கினால் தண்ணி கசிந்து போகும், சேறு நிற்கும். அந்தச் சேற்றை அவ்வப்போது வாரிவிட வேண்டும், அவ்வளவுதான். கோடிக்கணக்கில் விற்கும் அடுக்குமாடிக்கு இது டீச்செலவு. கட்டடக் கழிவு வடிகாலை அடைக்கக் கூடாதென்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்லின. அப்புறமும் ஏன் செய்யவில்லை? அடைப்பெடுக்க மலிவாக ஒரு சாதி இருக்குங்கிற தைரியம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையைச் சுத்தம் செய்ய வெளிமாவட்டத் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் அருந்ததியர் ஏராளம். எந்த பில்டரையும் மண்வெட்டியோடு வரச் சொல்லவில்லை.

வடிகாலையும் 2013 சட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லி நாம் போராட வேண்டும். இறுகின சிமெண்டை ரோட்டைத் தோண்டியாவது மேலிருந்தே எடுக்கட்டும். செலவு விட்டவன் தலையில். மாணவத் தோழர்கள் இப்போதே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: உங்கள் வார்டில் வடிகாலில் கழிவு விட்டதற்காக எந்தக் கட்டடத்துக்கு அபராதம் போட்டார்கள்? தூர்வாரும் ஒப்பந்தம் யாருக்கு? எத்தனை பேரை உள்ளே இறக்கினார்கள்? பதிலோடு வார்டு அலுவலகத்துக்குப் போவோம், ஐப்பசி மழைக்கு முன்னால்.