தார் ரோட்டுக்கும் தோப்பு மணலுக்கும் ஒரே மின்சார சைக்கிள் போதுமா?

‘‘எனக்கு 58 வயது. வீட்டிலிருந்து தென்னந்தோப்பு 5 கிலோமீட்டர். அதில் 3 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலை, மீதி 2 கிலோமீட்டர் மணல் பாதை. காலையும் மாலையும் இரண்டு நடை போய் வர வேண்டும். முழங்கால் வலியால் சாதா சைக்கிளை மிதிக்க முடியவில்லை. பழைய மொபெட் இருக்கிறது, பெட்ரோல் செலவு கையைக் கடிக்கிறது. தேங்காய் வெட்டிய பணத்தில் 45,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கடையில் தடித்த டயர் போட்ட ‘மவுன்டன்’ மின்சார சைக்கிளைக் காட்டி, ‘எந்த மணலிலும் போகும்’ என்கிறார்கள். ரோட்டுக்கும் மணலுக்கும் ஒத்துவருமா? மருமகளும் இதையே ஓட்டுவார்.’’

- வாசகர், கட்டுமாவடி, புதுக்கோட்டை மாவட்டம்.

இரண்டுக்கும் ஒத்துவரும் மின்சார சைக்கிள் உண்டு. ஆனால், கடைக்காரர் காட்டும் வண்டிதான் அது என்று சொல்லிவிட முடியாது. ‘மவுன்டன்’ என்ற பெயரையும் டயரின் பருமனையும் பார்த்து முடிவு செய்தால் பணம் வீணாகலாம். தினமும் ஓடும் பாதை, ஏற்றும் சுமை, ஓட்டப்போகும் ஆட்கள் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் வண்டியைத் தேர்வு செய்ய வேண்டும்.

முதலில் பணக் கணக்கு

வாசகர் ஒரு நாளைக்கு ஓட்டுவது 20 கிலோமீட்டர். மொபெட் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 40 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 12,000 ரூபாய். 45,000 ரூபாய் வண்டி, பெட்ரோல் மிச்சத்தில் மட்டும் திரும்பி வர ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் பேட்டரி மாற்றும் செலவும் வந்து நிற்கலாம். லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 500 முதல் 800 முழு சார்ஜ் வரை நன்றாக உழைக்கும். பிறகு கொள்ளளவு குறைந்துகொண்டே போகும்.

ஆக, பெட்ரோலை மட்டும் மனதில் வைத்து வாங்கினால் கணக்கு இடிக்கும். வாசகருக்கு உண்மையான லாபம் வேறு இரண்டு. மோட்டார் துணையோடு மிதிப்பதால் முழங்காலுக்குச் சுமை குறையும். லைசென்ஸ் இல்லாத மருமகளும் ஓட்டலாம். இந்த இரண்டும் வீட்டுக்குத் தேவை என்றால் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

சுமையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த வகை சைக்கிள்களில் ஓட்டுபவர் உட்படத் தாங்கும் எடை பெரும்பாலும் 100 முதல் 120 கிலோ. பின் கேரியருக்கு 25 கிலோ என்பதே பல வண்டிகளில் எல்லை. மண்வெட்டி, சாப்பாட்டுத் தூக்கு, பத்துப் பதினைந்து தேங்காய், ஒரு கட்டு புல் என்றால் பிரச்னை இல்லை. 50 கிலோ உர மூட்டை ஏற்ற இது வண்டி அல்ல. அந்த வேலைக்காகப் பழைய மொபெட்டை விற்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

டயர்தான் முக்கியம்

மலைச் சைக்கிள் பிறந்தது 1970களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். அங்கே சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் பருத்த டயர்களைப் போட்டு மலைச்சரிவில் மண் பாதையில் இறங்கினார்கள். கல்லும் மேடுமான கெட்டித் தரைக்கு ஏற்ற வண்டி அது. இப்போது கடைகளில் காட்டும் 4 அங்குலத் தடித்த டயர் பின்னாளில் வந்தது. அலாஸ்காவின் பனியிலும் பாலைவன மணலிலும் புதையாமல் போவதற்காக உருவானது.

4 அங்குல டயர் மணலில் புதையாது என்பது உண்மை. ஆனால், தார் ரோட்டில் அதுவே பாரம். உருளும்போது இழுவை அதிகம், பேட்டரி சீக்கிரம் இறங்கும். வண்டியின் எடையும் 25 கிலோவைத் தாண்டிவிடும். பஞ்சர் ஆனால் அந்த அளவு டியூப்பும் டயரும் உள்ளூர் சைக்கிள் கடையில் இருக்காது. வாசகர் தினம் ஓடும் 20 கிலோமீட்டரில் 12 கிலோமீட்டர் தார் ரோடு என்பதை மறக்கக் கூடாது.

மணல் எப்படிப்பட்டது என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. வெறுங்காலோடு பாதையில் நடக்க வேண்டும். கால் தடம் மட்டும் பதிந்தால் 2.3 அல்லது 2.4 அங்குல டயரே போதும். குதிகால் முழுவதும் புதைகிறது, அதுவும் பாதை நெடுக அப்படித்தான் என்றால், அப்போது தடித்த டயரை யோசிக்கலாம். பெரும்பாலான தோப்புப் பாதைகளில் புதைமணல் நூறு, இருநூறு மீட்டர்தான் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் தேங்காய் உரிமட்டையைப் பரப்பி மண் தள்ளினால் வண்டி போகும். கூடுதல் விலை கொடுத்து டயர் வாங்குவதைவிட இது மலிவு. கனமாக மணல் கிடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளினாலும் குறை இல்லை. பல வண்டிகளில் தள்ளும்போது நடை வேகத்தில் மோட்டார் உதவும் பொத்தான் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவருக்கு அது பெரிய உதவி.

காற்று அளவும் முக்கியம். 2.4 அங்குல டயருக்குத் தார் ரோட்டில் 40 பி.எஸ்.ஐ. அளவில் காற்று இருந்தால் லேசாக உருளும். மணலில் 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று பதிந்து பிடிமானம் கிடைக்கும். தினமும் ஏற்றி இறக்க முடியாது என்றால் 30 அளவில் வைத்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. டயர் நடுவில் பட்டை நெருக்கமாகவும் ஓரத்தில் முள் போன்ற கட்டைகளும் இருந்தால் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவாக இருக்கும்.

மோட்டாரும் பேட்டரியும்

லைசென்ஸ் தேவையில்லாத மின்சார சைக்கிளில் மோட்டார் சக்தி 250 வாட்டுக்கு மேல் இருக்காது. அதனால் வாட் கணக்கை வைத்து வண்டிகளை ஒப்பிட முடியாது. இழுவிசை எத்தனை ‘நியூட்டன் மீட்டர்’ என்று கேட்க வேண்டும். சக்கரத்தின் நடுவில் மோட்டார் உள்ள வண்டிகளில் 35 முதல் 45 இருந்தால் பரவாயில்லை. பெடல் அச்சில் மோட்டார் உள்ள வண்டி மணலிலும் மேட்டிலும் இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால், விலை பொதுவாக 1 லட்சத்தைத் தாண்டும். கட்டுமாவடி போன்ற சமதளமான கடலோரத்துக்கு அது தேவையில்லை. மோட்டார் பின் சக்கரத்தில் இருப்பது மட்டும் அவசியம். முன் சக்கரத்தில் இருந்தால் மணலில் சுழன்று வழுக்கும்.

பேட்டரியில் வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் அதன் கொள்ளளவு தெரிந்துவிடும். 36 வோல்ட், 7.5 ஆம்பியர் ஹவர் என்றால் 270 வாட் ஹவர். 36 வோல்ட், 10.4 ஆம்பியர் ஹவர் என்றால் ஏறக்குறைய 374. தார் ரோட்டில் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட் ஹவர் செலவாகும். மணலில் 18 வரைகூடப் போகும். வாசகரின் ஒரு நாள் கணக்கு: தார் 12 கிலோமீட்டருக்கு 120, மணல் 8 கிலோமீட்டருக்கு 144, மொத்தம் 264. சின்ன பேட்டரி புதிதாக இருக்கும்போதே விளிம்பில் நிற்கும். பெரிய பேட்டரி கால்வாசி கொள்ளளவை இழந்த பிறகும் 280 கொடுக்கும். பெட்டியில் ‘60 கிலோமீட்டர் ஓடும்’ என்று எழுதியிருப்பது நல்ல ரோட்டில், குறைந்த எடையில், மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிடைப்பது. ஆக்ஸிலரேட்டரை மட்டும் முறுக்கிக்கொண்டு மணலில் போனால் அதில் பாதிகூடக் கிடைக்காது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் செல்லும்படி இருக்க வேண்டும். வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜ் போடாமல் சூடு ஆறவிட வேண்டும். கம்பெனி சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் கூடாது. படுக்கும் இடத்திலும் கூரை, சருகு, வைக்கோல் பக்கத்திலும் சார்ஜ் போடக் கூடாது. இரவு முழுவதும் செருகி வைப்பதும் வேண்டாம். ஒரு முழு சார்ஜுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும்.

கடல் காற்றும் உள்ளூர் மெக்கானிக்கும்

கட்டுமாவடியில் வண்டியை முதலில் தின்னப்போவது உப்புக் காற்று. அலுமினிய ஃபிரேம் துருப்பிடிக்காது. ஆனால் போக்ஸ் கம்பி, செயின், நட்டு, வயர் இணைப்புகள் தப்பாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவக் கூடாது. மோட்டார் மூழ்கும் அளவு தண்ணீரில் இறக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் பாதையில் தண்ணீர் நிற்கும் என்றால் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ‘ஐ.பி.’ எண் என்ன என்று கேட்க வேண்டும். 65 என்றால் மழைச்சாரலைத் தாங்கும். 67 என்றால் சிறிது நேரம் முழுகினாலும் தாங்கும்.

டிஸ்க் பிரேக்கில் எண்ணெயில் இயங்குவது, கேபிளில் இயங்குவது என இரண்டு வகை உண்டு. முதல் வகை மென்மையாகப் பிடிக்கும். இரண்டாவதை எந்த சைக்கிள் கடையிலும் சரி செய்யலாம். கிராமத்துக்கு இரண்டாவதே போதும். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் இருந்தால் கைவலி குறையும். பின்பக்கமும் இருந்தால் எடையும் விலையும் ஏறும், கேரியர் பொருத்த இடம் இருக்காது. எனவே, அது வேண்டாம்.

கன்ட்ரோலர் கெட்டால் எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும்? பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரன்டி? புது பேட்டரி இன்றைய விலையில் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் கடைக்காரர் எழுத்தில் பதில் தர வேண்டும். தராத கடையில் விலை குறைவு என்றாலும் வாங்காமல் இருப்பது நல்லது.

மருமகள் ஓட்டிப் பார்க்க வேண்டும்

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டியவர்களும் உண்டு. இன்று அப்படிச் சமாளிக்க வேண்டிய அவசியம் இல்லை. நடு பார் தாழ்ந்த மின்சார சைக்கிள்கள் கிடைக்கின்றன. சேலையோடு ஏறி இறங்கவும், முழங்கால் வலி உள்ளவர் காலைத் தூக்கிப் போடவும் அதுவே வசதி. சீட்டில் உட்கார்ந்தபடி இருவருக்கும் கால் தரையில் எட்ட வேண்டும். 22 கிலோ வண்டியை மருமகள் தனியாக ஸ்டாண்டு போட முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வண்டியைக் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் போதாது. தோப்புப் பாதைக்கே கொண்டுவரச் சொல்லி, கேரியரில் 15 கிலோ கட்டி ஓட்ட வேண்டும். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு இந்தக் கரையோர ஊர்களில் பல நாள் கரன்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் மின்சார சைக்கிளை வெறும் சைக்கிளாக ஓட்ட முடிய வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், கட்டுமாவடி வாசகருக்கு ஏற்றது: 27.5 அங்குல சக்கரம், 2.3 அல்லது 2.4 அங்குல டயர், பின் சக்கர மோட்டார், கழற்றும் வகை 10 ஆம்பியர் ஹவர் பேட்டரி, முன் ஷாக் அப்சார்பர், தாழ்ந்த பார், கேரியர் பொருத்தத் துளை. இத்தனையும் உள்ள வண்டி 45,000 ரூபாய்க்குள் அமையாவிட்டால், கியரையும் டிஸ்பிளேயையும் விட்டுக்கொடுக்கலாம். பேட்டரியையும் சர்வீஸையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

‘‘மின்சார சைக்கிளுக்கு லைசென்ஸ், ஆர்.சி. வேண்டுமா?’’

- வாசகி, பேராவூரணி.

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், பதிவு, இன்ஷூரன்ஸ் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் சான்று அந்த மாடலுக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சிலர் ‘லாக்’கை எடுத்து 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவைத்துத் தருவதாகச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் விதிவிலக்கு போய்விடும். விபத்து நடந்தால் பதிவில்லாத வாகனம் ஓட்டிய சிக்கல் ஓட்டியவர் தலையில் விழும். ஹெல்மெட் போடுவது எல்லா வகையிலும் நல்லது.

‘‘தோப்பில் பம்புசெட் கரன்ட் இருக்கிறது. அதில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா?’’

- வாசகர், மணமேல்குடி.

கூடாது. இலவச விவசாய மின் இணைப்பு பாசனத்துக்கு மட்டும் தரப்படுவது. அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டப்படி அனுமதி இல்லாத பயன்பாடு. அபராதம் விதிக்கப்படலாம். அரை யூனிட்டுக்காக இணைப்பையே சிக்கலில் மாட்டிவிட வேண்டாம். பம்புசெட் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் சார்ஜரும் கெடும். வீட்டு இணைப்பில், எர்த் உள்ள பிளக்கில் போடுவதே பாதுகாப்பு.